நெருப்புப் பிடிக்காத எண்ணெய்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒரு கலியாண வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டால் போதும், புரியாணித் தட்டு வருவதற்கு முன்பே அந்தப் பேச்சு வந்துவிடும். அந்தக் காலத்தில் மருந்தடித்த மரக்கறி உண்டா, இப்படிப் பெயர் தெரியாத வருத்தங்கள் உண்டா, நாமெல்லாம் சுத்தமான காற்றைச் சுவாசித்து, சுத்தமான தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் அல்லவா என்று ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நானும் இத்தனை வருடம் மரியாதைக்காகத் தலையாட்டியிருக்கிறேன். போன மாதம் அக்குறணையில் ஒரு கலியாணத்தில் முடியவில்லை. பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டேன். ஏன் அப்படிப் போனாய் என்று பக்கத்தில் இருந்த சிநேகிதி பிறகு கேட்டாள். அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். இனிமேல் என் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

பேக்கரி வாசலில் பாணுக்குப் போலிமில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். போலிம் என்றுதான் நாங்களும் சொன்னோம். வரிசை என்று சொன்னவர்களை நான் கண்டதில்லை. வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத நாட்கள். கடையில் மண்ணெண்ணெய் இருந்தால் சீனி இருக்காது, சீனி இருந்தால் சவர்க்காரம் இருக்காது. நோவுக்குப் பூசும் தைலம் ஒரு சின்னப் போத்தல் எங்கள் வீட்டில் இருந்தது. அது முடிந்த பிறகும் உம்மா அதைக் கழுவாமல் வைத்திருந்து, தலையிடி வரும்போது மூடியைத் திறந்து மணந்து பார்ப்பார்.

எங்கள் வீடு அலவத்துகொடையில், பெரிய பாதையிலிருந்து கீழே இறங்கும் சரிவில். வாப்பா கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை. காலை பஸ்ஸில் போய், விளக்கு வைக்கும் நேரம் திரும்புவார். அதிகம் பேசமாட்டார். உம்மாவுக்கு இடுப்பு நோவு. எனக்கு மேலே ராத்தா, எனக்கும் அவளுக்கும் எட்டு வயது வித்தியாசம். பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தாள். அவளுக்குக் கலகெதரையில் மாப்பிள்ளை பேசி முடிந்திருந்தது. பெருநாள் கழிந்து நிக்காஹ் என்று பேச்சு.

அந்தக் கலியாணத்தைப் பேசி முடித்தவர் மாமா, உம்மாவின் நானா, கூடப் பிறந்த மூத்தவர். பிலிமத்தலாவையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். உடம்பும் பெரிது, குரலும் பெரிது, மனமும் பெரிது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு நான் சொல்லப் போவதைக் கேட்டு அவரை ஒரு கெட்ட மனிதர் என்று நீங்கள் நினைக்கக்கூடும். கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு ஒன்றும் வந்திருக்காது. கெட்டவர்கள் தங்களிடம் இருப்பதைத் தாங்களே வைத்துக்கொள்வார்கள். மாமாவோ ஒரு றாத்தல் பாண் கிடைத்தாலும் அதில் பாதியைக் கடதாசியில் சுற்றி இரண்டு பஸ் மாறி எங்களுக்குக் கொண்டுவருவார்.

அந்த வருடம், மூடிப்போன ஒரு ஆலையின் சாமான்களை ஏலத்தில் எடுத்தார். என்ன ஆலை, எங்கே என்பதெல்லாம் வேண்டாம். உடைந்த யந்திரங்களோடு ஒரு பெரிய இரும்புப் பெட்டியும் லொறியில் வந்தது. பக்கமெல்லாம் தகடு தகடாக விசிறி போல நீட்டிக்கொண்டு, எங்கள் குசினி அளவு உயரம். கரண்டைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி, டிரான்ஸ்போமர். மாமாவுக்கு வேண்டியது அதற்குள் இருந்த செம்புக் கம்பி. கம்பியை எடுக்கப் பெட்டியைத் திறந்தால், உள்ளே கழுத்து வரை எண்ணெய்.

தண்ணீர் மாதிரித் தெளிந்த எண்ணெய். வெயிலில் பிடித்தால் தேனை நிறையத் தண்ணீரில் கலந்தது போல ஒரு மஞ்சள். ஊற்றிவிடத்தான் நினைத்தார்களாம். ஆலையைக் காவல் காத்த பழைய வோச்சர் பக்கத்தில் நின்று, இது மூட்டு நோவுக்கு நல்ல எண்ணெய், கரண்ட் வேலைக்காரர்கள் களவாக எடுத்துக்கொண்டு போய்ப் பூசுவார்கள் என்று சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு முழங்கால் நோவு. அங்கேயே சாரனை மடித்துக்கொண்டு உட்கார்ந்து பூசினார். அடுத்த நாள் நோவு குறைந்தது. குறைந்ததாக அவர் சொன்னார். எண்ணெய் எல்லாம் ஒரு பெரிய இரும்புப் பெரலில் இறங்கியது. அந்த வாரமே எங்கள் குடும்பத்தில் எல்லா வீட்டுக்கும் அந்த எண்ணெய் இரண்டிரண்டு சர்பத் போத்தலில் வந்து சேர்ந்தது.

எங்கள் வீட்டில் போத்தலைத் திறந்த அன்று எனக்கு ஞாபகம் இருப்பது அந்த வாசனை. அலுமாரிக்குள் போடும் பூச்சி உருண்டையின் வாசனை, அதோடு கொஞ்சம் இனிப்பு. மூக்கைப் பிடித்தேன்.

"இவக்கு மட்டும் ராசாத்தி மூக்கு" என்றார் மாமா, சிரித்துக்கொண்டு. "வாசம் இல்லாத மருந்து எங்கயாவது ஈக்குதா?"

அன்றைக்கு வீட்டில் மண்ணெண்ணெய் இல்லை. வாப்பா குப்பி விளக்கில் அந்த எண்ணெயைக் கொஞ்சம் ஊற்றித் திரியைப் பற்றவைத்தார். திரி கருகியது, எண்ணெய் பற்றவில்லை. இன்னொரு நெருப்புக்குச்சி கிழித்தார். அதுவும் வீணானது. நெருப்பு எண்ணெயில் பட்டதும் தண்ணீரில் போட்டது போல அணைந்தது.

"இது என்ன எண்ணெய் மச்சான், நெருப்புப் பிடிக்குதில்ல?" என்று வாப்பா கேட்டார்.

"அதுதான் சங்கதி" என்றார் மாமா. "நெருப்பாலேயே ஒண்டும் செய்ய ஏலாத எண்ணெய். ஒங்கட பொஞ்சாதிட இடுப்பு நோவு இதுக்கு முன்னால நிக்குமா?"

எண்ணெய் என்றால் எரிய வேண்டும். எரியாத ஒன்றைக் கண்டால் இது எண்ணெயே இல்லையோ என்று ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. எரியாததே அதற்கு நற்சாட்சிப் பத்திரம் ஆகிவிட்டது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை சூடேறுகிறது.

தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு உம்மா பாயில் குப்புறப் படுப்பார், ராத்தா பூசுவாள். வெறும் கையால், தோள் முதல் இடுப்பு வரை, அரை மணித்தியாலம் போல. ராத்தாவுக்கு நல்ல கை. மாமா வரும் நாட்களில் அவர் முழங்காலுக்கும் அவள்தான். பூசி முடித்து, கையில் மீதி இருப்பதை வீணாக்கக் கூடாதென்று தன் முழங்கைக்கும் கழுத்துக்கும் தடவிக்கொள்வாள். தேங்காயெண்ணெய்யும் தட்டுப்பாடாக இருந்த நாட்கள். அதில் பாதி இதில் பாதி கலந்து தலைக்கு வைக்கலாம் என்று மாமி சொல்லி அனுப்பினார். ராத்தாவுக்கு முழங்காலைத் தொடும் முடி. கலந்து வைத்தாள். முடி பளபளவென்று இருந்தது. அதையும் எல்லாரும் பாராட்டினார்கள்.

ஒருநாள் அவள் எனாமல் பேசினில் கை கழுவிவிட்டு எழுந்து போனாள். நான் தண்ணீரை ஊற்றப் போய்ப் பார்த்தேன். எண்ணெய் மேலே மிதக்கவில்லை. பேசினின் அடியில், வெள்ளை எனாமலில், தங்கக் காசுகளைப் போல வட்டம் வட்டமாகக் கிடந்தது. விரலால் தண்ணீரைக் கலக்கினால் காசுகள் உடைந்து சின்னக் காசுகளாகி, மறுபடி அடியில் போய்ப் படுத்தன. அழகாகத்தான் இருந்தது. உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல கனமான எண்ணெய், சத்துள்ளது என்றார் உம்மா.

நோன்பு தொடங்கும்போது ராத்தாவின் கண்களுக்குப் பக்கத்தில், கன்னத்து எலும்பின் மேல், கரும்புள்ளிகள் வந்தன. சட்டியின் கரி தெறித்தது போல, துடைத்தால் போகாது. பிறகு காதுகளுக்குப் பின்னால் பருக்கள். சாதாரணப் பரு சிவந்து, பழுத்து, உடைந்து போகும். இவை போகவில்லை. வெளிறிய மஞ்சளில் அவரைக்கொட்டை போலத் தோலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டன. கழுத்துக்கு இறங்கின, முதுகுக்குப் போயின. காலையில் எழும்பும்போது இமைகள் ஒட்டிக்கிடக்கும், வெந்நீர்த் துணி வைத்துத்தான் திறக்க வேண்டும். உம்மாவின் விரல் நகங்கள் பழுப்பேறின. மருதோண்டி போடாமலே மருதோண்டி நிறம் என்று நாங்கள் சிரித்தோம்.

ராத்தாவின் முகத்துக்கு ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். நோன்புச் சூடு என்றார் மாமி. கலியாணம் பேசிய பெண்ணுக்குக் கண்ணூறு பட்டிருக்கிறது என்றார் பக்கத்து வீட்டுக்காரி. கச்சான் கடலையை நிறுத்து, மாம்பழத்தை நிறுத்து, இறால் கருவாட்டை வீட்டுக்குள் எடுக்காதே. பயற்றம் மாவும் மஞ்சளும் போட்டு முகத்தைத் தேய்த்துத் தேய்த்துத் தோலே உரிந்தது. நோன்போடு ஒன்றும் சாப்பிடவும் விடாமல் அவளைக் காய வைத்தார்கள். போத்தல் மட்டும் பாய்க்குப் பக்கத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது.

கடைசியில் மாமா வந்தார். ராத்தாவின் முகத்தைத் தாடையில் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவருக்கும் பயம் வந்துவிட்டது, நான் கண்டேன். ஆனால் மாமா பயந்ததைக் காட்டமாட்டார்.

"இது ஒடம்புல ஈந்த நஞ்சு" என்றார். "எண்ணெய் அத வெளிய தள்ளுது. நல்லதுக்குத்தான். நிப்பாட்டினா உள்ளுக்கே போய்ரும். முகத்துக்கும் சேத்துப் பூசுங்க."

அன்று முதல் முகத்துக்கும் பூசினார்கள்.

நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், உம்மா பஞ்சைத் தோய்த்து ஒவ்வொரு பருவின் மேலும் தொட்டுத் தொட்டு வைப்பார், பிஸ்மி சொல்லிச் சொல்லி. அந்த அன்பை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது, சொல்லுங்கள்.

பெருநாள் கழிந்த கிழமையில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண்கள் வந்தார்கள். நிக்காஹ் நாளைக் குறிக்கவென்று வட்டிலப்பமும் கொண்டுவந்தார்கள். உம்மா ராத்தாவுக்கு முகத்தை மறைத்து முந்தானை போடச் சொன்னார். வந்தவர்கள் முந்தானையை விலக்கிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுசி, ஒரு சொல்லும் சொல்லவில்லை. தட்டில் இருந்த பலகாரத்தை மட்டும் தொடவில்லை. ராத்தா கொடுத்த தேத்தண்ணிக் கோப்பையை வாங்கி, குடிக்காமல், கதிரைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். அவர்கள் போன பிறகு உம்மா குனிந்து அந்தக் கோப்பையை எடுத்தார். அப்படியே நிறைந்திருந்தது, மேலே ஆடை படிந்திருந்தது.

பெரிய வியாதி என்று நினைத்திருக்கிறார்கள். குஷ்டம் என்ற சொல்லை ஒருவரும் வாயால் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கிழமைக்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது. எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் ஒருவரும் தண்ணீர் குடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் என்னோடு இருந்த பிள்ளை தள்ளி உட்கார்ந்தாள். கலியாணம் நின்ற கோபத்தில் மாமா கலகெதரைக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். இப்படிப்பட்ட குடும்பத்தில் கொடுக்காமல் விட்டது அல்லாஹ்வின் காவல் என்றார். இரண்டு நாள் சாப்பிடவும் இல்லையாம். மாமி பிறகு சொன்னார்.

வாப்பா அந்த வருடத்தில் தானாக முடிவெடுத்துச் செய்த ஒரே நல்ல காரியம், ராத்தாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சொன்னது. உம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தோல் வருத்தம் பார்க்கும் அறையில் ஒரு பெண் டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், மெல்லிய ஆள். ராத்தாவின் காதுக்குப் பின்னால் விளக்கடித்து நிறைய நேரம் பார்த்தார்.

"இது பெரிய வியாதி இல்லை அம்மா. பயப்பிடாதேங்கோ" என்றார் முதலில். உம்மா அழத் தொடங்கினார். "முகத்துக்கு என்ன பூசிறனீங்கள்?"

"ஒண்டுமில்ல, டொக்டர். பயத்தம் மா மட்டும்."

"எண்ணெய் ஏதும்?"

"தலைக்குத் தேங்காயெண்ணெய்."

நான் உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். உம்மா என் கையைக் கிள்ளினார். டொக்டர் இன்னும் இரண்டு தரம் வேறு வேறு மாதிரிக் கேட்டார். நீங்கள் இருக்கும் இடத்தில் தொழிற்சாலை உண்டா, தோட்டத்துக்கு மருந்தடிக்கிறவர்கள் உண்டா என்றெல்லாம். உம்மா எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். ஒரு கிறீம் எழுதித் தந்தார்கள்.

பஸ்ஸில் ராத்தா கேட்டாள், ஏன் சொல்லவில்லை என்று.

"நானாட மருந்தப் பத்தி டொக்டர்ட செல்லி, அவ சிரிக்கவா?" என்றார் உம்மா. "அவரு நமக்கு நல்லது நெனச்சுக் குடுத்தது. வெளிய ஆக்களுக்கு முன்னால நானாவக் கொறைக்க எனக்கு ஏலா."

இப்படித்தான் இன்னொரு மாதம் போனது. கிறீமும் பூசினார்கள், எண்ணெயும் பூசினார்கள்.

அடுத்த தரம் போனபோது டொக்டர் உம்மாவைப் பார்த்து, "நீங்கள் ஒருக்கா வெளியில நில்லுங்கோ அம்மா, பிள்ளையோட நான் தனியக் கதைக்க வேணும்" என்றார். என்னைச் சின்னப் பிள்ளை என்று விட்டுவிட்டார்கள். கதவு மூடியதும் டொக்டர் எதுவும் கேட்கவில்லை. ராத்தாவே சொன்னாள்.

"கரண்ட் பெட்டிட எண்ணெய் பூசுறோம், டொக்டர். முகத்துக்கும். தலைக்கும்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "எவ்வளவு நாளா?" என்றார். நோன்புக்கு முன்னாலிருந்து என்றாள் ராத்தா. டொக்டர் ராத்தாவின் கைகளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தது எனக்குத் தெரிந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. பிறகு எங்களுக்குப் புரியும்படி சொன்னார். அது எண்ணெய் இல்லை, ஆலைகளில் செய்யும் ஒரு ரசாயனம். பெட்டி தீப்பிடிக்கக் கூடாதென்பதற்காகவே எரியாத மாதிரிச் செய்தது. அதோடு வேலை செய்கிறவர்களுக்கு இதே பருக்கள் வருவதைப் படித்திருக்கிறார். தோலால் உள்ளே போய்க் கொழுப்பில் தங்கும், லேசில் வெளியே வராது.

"இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. வீட்டில மிச்சம் இருந்தால் எங்கையும் ஊத்திப் போடாதேங்கோ. மண்ணிலயும் வேண்டாம், ஆத்திலயும் வேண்டாம்."

"அப்ப எங்க போடுற?" என்று ராத்தா கேட்டாள்.

டொக்டர் யோசித்தார். "போத்தலில இறுக்கி மூடி வையுங்கோ, நான் விசாரிச்சுச் சொல்லுறன்" என்றார். அடுத்த தரம் போனபோது அவர் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார்.

வீட்டில் அன்று நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். உம்மா அழுதார், வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார், மாமாவுக்கு ஆள் போனது. மாமா வந்து, யாழ்ப்பாணத்து டொக்டருக்கு நம் கைமருந்து என்ன தெரியும், எனக்கு ஏன் பரு வரவில்லை என்று கேட்டார். அவருக்குக் கழுத்திலும் முதுகிலும் இருந்தது. அது வேர்க்குருவாம். ராத்தா மட்டும் எழுந்து, "நான் இனிப் பூசமாட்டன் மாமா. யாருக்கும் பூசிவிடவும் மாட்டன்" என்றாள். அவள் மாமாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தரம். மாமா குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

டொக்டர் எங்கும் ஊற்ற வேண்டாம் என்று சொன்னதையும் ராத்தா சொன்னாள். வாப்பா கேட்டார். கேட்டுவிட்டு, மிச்சமிருந்த எண்ணெயைக் கிணற்றுக்குப் பின்னால், பலா மரத்தடியில் ஊற்றினார். வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது, தூரமாகத்தான் ஊற்றினேன் என்றார். தூரம் என்பது கிணற்றிலிருந்து ஒரு கயிறு நீளம். மழை வந்தது. உம்மாவுக்குப் பயம் பிடித்து, கிணற்றை எட்டிப் பாருங்கள் என்றார். வாப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்த்தார்கள். தண்ணீரின் மேல் ஒரு துளி எண்ணெய் மிதக்கவில்லை. சுத்தம் என்றார்கள்.

"அது மிதக்காது வாப்பா. அடியிலதான் ஈக்கும்" என்றேன் நான்.

"எண்ணெய் மிதக்காம தாழுமா? போய்ப் பாடம் படி" என்றார் வாப்பா.

அந்தக் கிணற்றில்தான் நான் கலியாணமாகிப் போகும் வரை தண்ணீர் அள்ளிக் குடித்தேன். சுத்தமான தண்ணீர் என்று உங்கள் மேசையில் தலையாட்டியது இதற்குத்தான்.

ராத்தாவின் முகம் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஆறியது. பருக்கள் போன இடமெல்லாம் குழி விழுந்தது. கலியாணப் பேச்சுகள் வந்து, முகத்தைக் கண்டதும் போயின. அவள் தையல் படித்தாள். பிறகு மாத்தளையிலிருந்து ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் வந்தார். முந்தானை போடாமல் வருவதென்றால்தான் முன்னால் வருவேன் என்று ராத்தா சொல்லி, அப்படியே போய் நின்றாள். பிறகு எங்கள் மச்சானாகி ராத்தாவைக் கட்டிய அந்த மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்து, அம்மைத் தழும்பா என்று கேட்டார். இல்லை, எங்கள் மாமா தந்த எண்ணெய் என்றாள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, சரி என்று சொல்லிப் போனார். நல்ல மனிதர். போன வருடம் மௌத்தாகி எங்களை விட்டுப் போனார்.

முதல் பிள்ளை பிறந்தபோது நான் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நின்றேன். பெண் பிள்ளை. தேத்தண்ணிச் சாயம் பூசியது போல உடம்பு, கரிய நகங்கள், பல் முரசும் கறுப்பு. இமைகள் ஒட்டியிருந்தன. வெந்நீர்த் துணி கொண்டு வரச் சொன்னார்கள். ராத்தா அந்தத் துணியை வாங்கித் தானே பிள்ளையின் கண்ணில் வைத்தாள். அவள் அந்த எண்ணெயைத் தொட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. நிறம் சில மாதத்தில் மாறிவிட்டது. பிள்ளை மெலிவாக வளர்ந்தாள், பாடம் பிந்தித்தான் ஏறியது. மச்சானின் தாய், பெண்ணின் இரத்தத்தில் கோளாறு என்று சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் அந்த எண்ணெய் மேல் போட நான் டொக்டர் இல்லை. ஆனால் வேறு எதன் மேல் போடுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. அப்படியிருந்தும் அந்த மகள்தான் பிறகு வெளிநாட்டில் படித்து, இந்த ரசாயனத்துக்குப் பிசிபி என்று பெயர், உலகமெங்கும் தடை செய்துவிட்டார்கள் என்று எங்களுக்குச் சொன்னாள்.

அந்த மகள் பிறந்து சில மாதத்தில் மாமா ஈரல் வருத்தத்தில் படுத்தார். கண்கள் மஞ்சளாகிவிட்டன. ராத்தா கைப்பிள்ளையோடு பார்க்க வந்தாள், நானும் கூடப் போனேன். மத்தியானம், மாமி குசினியில் இருந்தார். மாமா ராத்தாவைக் கிட்டக் கூப்பிட்டார். பிள்ளையின் தலையைத் தடவினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். எனக்கு அழுகை கூட வந்தது.

"அலுமாரியில கீழ்த் தட்டுல, புடவைகளுக்குப் பொறத்தால ஒரு போத்தல் ஈக்குது" என்றார். "பெரல் முடியிறதுக்கு முந்தி ஒனக்கெண்டு எடுத்து வெச்சது. புள்ள பெத்த ஒடம்பு. இடுப்புக்கு நல்லம். எடுத்துட்டுப் போ."

ராத்தா பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு எழுந்து போய் அலுமாரியைத் திறந்து எடுத்தாள். சர்பத் போத்தல், நிறைய, மூடிக்கு மெழுகு உருக்கி ஊற்றியிருந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சரி மாமா" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கிழமையே மௌத்தாகிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அவளோடு சண்டை பிடித்தேன்.

"எதுக்கு வாங்கின? அவர்ட முகத்துக்கு நேரா செல்ல ஏலாதா? இந்த எண்ணெய்தான் எண்ட முகத்தத் திண்டது எண்டு?"

"செல்லலாம்" என்றாள் ராத்தா. "செல்லிட்டு, போத்தல அங்கயே வெச்சுட்டு வரவா? மாமி யாருக்காவது குடுப்பாங்க. யாராவது பூசுவாங்க."

நான் பிள்ளையை என் மடியிலேயே வைத்துக்கொண்டேன், அவள் போத்தலைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் போத்தலை அவள் இத்தனை வருடமும் வைத்திருந்தாள். மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றில் மணல் போட்டு, அதற்கு நடுவில். பிள்ளைகள் வளர்ந்தார்கள், வீட்டுக் கூரை மாறியது, தகரம் துருப்பிடித்து வேறு தகரம் வந்தது. ஊற்றவும் முடியாது, எரிக்கவும் முடியாது. ஒரு தரம் ஒரு அரசாங்கக் காரியாலயத்துக்குத் தகரத்தோடு போனாளாம். அங்கே இருந்த பெடியன் மூடியைத் திறக்கப் பார்த்தானாம். பிறகு, "தோட்டத்தில ஒரு மூலையில ஊத்துங்க ஆன்ட்டி, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க" என்றானாம். இன்னொரு இடத்தில் குப்பை வண்டியில் போடச் சொன்னார்கள். ராத்தாவின் மகள் இணையத்தில் தேடி, ஆலைக் கழிவு எடுக்கும் ஒரு கம்பனியின் இலக்கம் தந்தாள். நான்தான் பேசினேன். எத்தனை பெரல் என்று ஒரு பிள்ளை மரியாதையாகக் கேட்டாள்.

"ஒரு போத்தல்."

"கம்பனி பேர் செல்லுங்க மேடம்."

"கம்பனி இல்ல மகள். எங்கட மாமா."

அவள் யாரையோ கேட்டுவிட்டு வந்து, தனி ஆட்களிடம் எடுப்பதில்லை என்றாள். மருந்துக் கடைகளில் கேட்டுப் பார்க்கச் சொன்னாள்.

இப்போது மகள் ராத்தாவைத் தன்னோடு வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். மாத்தளை வீடு விற்றாயிற்று. பெட்டி கட்டப் போன என்னிடம் ராத்தா தகரத்தைத் தூக்கித் தந்தாள்.

"பிளேன்ல கொண்டு போக விடமாட்டாங்க. வீடு வாங்கின ஆக்களுக்கு விட்டுட்டுப் போகவும் ஏலா. நீ என்னவிட இளசு" என்றாள்.

வேனில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வளைவுகளில் மெதுவாகப் போகச் சொல்லி டிரைவரைத் தொல்லைப்படுத்தினேன். ஊறுகாயா என்று கேட்டான். ஓ, ஊறுகாய்தான் என்றேன்.

வீட்டில் என் மருமகளிடம் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் வீடு. அவள் கோபப்பட்டதில் பிழை இல்லை. கடைசியில், நகை வைக்கும் இரும்புப் பெட்டியைத் திறந்து, அதற்குள் தகரத்தை வைத்துப் பூட்டினேன். வளையலும் மாலையும் இப்போது அலுமாரியில் துணிகளுக்கு நடுவே கிடக்கின்றன. சாவியை நான் இடுப்பில் வைத்திருக்கிறேன்.

"மாமி, ஒங்களுக்குப் பொறகு இந்தச் சாவி யாருக்கு?" என்று மருமகள் கேட்டாள்.

கேட்டுவிட்டு, அவளே ஒரு அடி பின்னால் போனாள்.